ஒன்பதாம் நாள்

"தம்பி, வர்ற வியாழக்கிழமை காலையில பூக்கும். ஏழு மணிக்குள்ள வந்துடு."

தொலைபேசியில் பெரியப்பா இவ்வளவுதான் பேசுவார். எது பூக்கும், எங்கே பூக்கும் என்றெல்லாம் சொல்லமாட்டார். கேட்கிற எனக்கும் அது தேவைப்படாது. பினாங்கு குளுகோரில் அவர் வீட்டு வாசலுக்கு நேரே, சடக்கோரத்தில், ஒரு பழைய தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. அதன் கிளைகளில் யாரும் நடாமல் தானாகத் தொற்றி வளர்ந்த புறா ஆர்க்கிட் செடிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். மற்ற நாளில் பார்த்தால் காய்ந்த புல் கற்றை மாதிரிதான் இருக்கும். பூக்கிற நாளில் மரம் முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைப் புறாக்கள் வந்து உட்கார்ந்தது போல இருக்கும். காலையில் விரியும், பொழுது சாய்வதற்குள் வாடிவிடும். அந்த ஒரு நாளைப் பெரியப்பா ஒரு வாரம் முன்கூட்டியே சொல்லிவிடுவார். சொன்னால் பெரும்பாலும் தப்பாது.

அவர் 2023இல் போய்விட்டார். 86 வயது. அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று பல தடவை உட்கார்ந்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் எழுந்துவிட்டேன். அஞ்சல்தலை, ரேடியோ, கைக்கடிகாரம், ஆர்க்கிட், மழை என்று அவருக்கு இருந்த கிறுக்குகள் அத்தனை. கிறுக்கு என்பது பெரியம்மா வைத்த பெயர். நான் அதை அன்போடுதான் சொல்கிறேன்.

பெரியப்பா அஞ்சல் இலாகாவில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் படிப்பு தடைப்பட்டுப் போனதால் 21 வயதில்தான் வேலைக்குச் சேர்ந்தார். அது 1957. சுதந்திரம் கிடைத்த ஆண்டு. அந்த ஆகஸ்டு 31ஆம் தேதி வெளியான 10 காசு அஞ்சல்தலையை, துங்கு அப்துல் ரஹ்மான் மக்கள் நடுவே நிற்கும் படம் போட்டது, அவரே கவுன்டருக்கு உள்ளே உட்கார்ந்து வரிசையில் நின்றவர்களுக்கு விற்றிருக்கிறார். விற்று முடித்த பிறகு தனக்கு நாலு வாங்கிக்கொண்டார். ஒன்றைக் கடிதத்தில் ஒட்டித் தன் பெயருக்கே அனுப்பிக்கொண்டார். அந்த உறை இன்னமும் இருக்கிறது. 1991இல், அப்போதிருந்த விதிப்படி 55 வயதில் ஓய்வு பெற்றார். அடுத்த ஜனவரியில் அஞ்சல் இலாகா நிறுவனமாக மாறிவிட்டது. "நான் கடைசி வரைக்கும் சர்க்கார் ஆளு" என்று அதைப் பெருமையாகச் சொல்வார்.

அவருடைய வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கவுன்டர் அல்ல, பின்கட்டு. கடிதங்களைப் பிரித்து அடுக்கும் இடம். தமிழ்நாட்டிலிருந்து நீல நிற ஆகாயக் கடிதங்கள் கட்டுக் கட்டாக வந்த காலம் அது. பாதிக் கடிதங்களில் முகவரி தமிழில் இருக்கும். முகவரி என்று சொல்லக்கூட முடியாது. 'சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டம், இரண்டாம் டிவிசன், பெரிய கிராணியார் வீட்டுக்கு எதிர்வீடு' என்று இருக்கும். ஊரிலிருந்து எழுதியவருக்கு அவ்வளவுதான் தெரியும். மற்ற கிராணிகளால் படிக்க முடியாதவை எல்லாம் பெரியப்பாவின் மேசைக்கு வரும். அவர் சிவப்புப் பென்சிலால் அடியில் ஆங்கிலத்தில் தோட்டத்தின் பெயரையும் ஊரையும் எழுதி மேலே அனுப்புவார். எந்தத் தோட்டம் என்று தெரியாவிட்டால், மத்தியானம் சாப்பிடப் போகும்போது கடைத்தெருவில் பலசரக்குக் கடைக்காரர்களிடமும் லோரி டிரைவர்களிடமும் விசாரிப்பார். தோட்டங்களுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்குத் தெரியாத இடம் கிடையாது. இதற்காக அவருக்கு யாரும் தனியாகச் சம்பளம் தரவில்லை. ஒரு தாய் எழுதிய கடிதம் மகன் கையில் சேராமல் திரும்பிப் போவதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான்.

கையில் வந்த எதையும் ஒரு நிமிஷம் சரியாகப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார். அவருடைய எல்லாப் பொழுதுபோக்கும் இந்தக் குணத்திலிருந்து வந்தவைதான் என்று இப்போது நினைக்கிறேன்.

அஞ்சல்தலை சேர்ப்பவர்கள் விலை பேசுவார்கள். பெரியப்பா பேசியதே இல்லை. அவரிடம் இருந்தவற்றில் பெரும்பாலானவை, ரோப் வாக் பக்கம் பழைய சாமான் விற்பவர்களிடம் உறையோடு வாங்கியவை. பிறகு அந்த வியாபாரம் லோரோங் கூலிட்டுக்குப் போனது, அவரும் பின்னாலேயே போனார். ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒரு இந்திய அஞ்சல்தலை இருக்கும். விக்டோரியா ராணி தலை. அதன் மேல் ஒரு கிரீடமும் சென் மதிப்பும் அச்சிட்டிருக்கும். 1867 ஏப்ரலில் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்து நேரே லண்டனுக்குக் கீழ் போனபோது, சொந்த அஞ்சல்தலை தயாராகும் வரை இந்திய அஞ்சல்தலை மேலேயே அச்சிட்டுப் பயன்படுத்தினார்கள். அதற்கு முந்தின காலத்தில், இந்திய அஞ்சல்தலை இங்கே ஒட்டப்பட்டபோது, பினாங்கு முத்திரையில் பி 147 என்ற எண் இருக்கும். அப்படி முத்திரை விழுந்த ஒன்று கிடைக்காதா என்று நாற்பது வருஷம் தேடினார். கிடைக்கவே இல்லை. ஆனால் முதல் பக்கத்தைக் காட்டும்போதெல்லாம் அவர் சொல்வது ஒன்றுதான்: "இந்தியா பேரோட வந்து, இங்க மேல இன்னொரு முத்திரை வாங்கிக்கிச்சு. நம்மள மாதிரியே."

இரண்டாவது ஆல்பத்தில் ஜப்பான்காரன் காலத்து அஞ்சல்தலைகள். பிரிட்டிஷ் அரசர் தலைக்கு மேல் டாய் நிப்பொன், 2602, பினாங்கு என்று அச்சிட்டிருக்கும். 2602 என்பது ஜப்பானியக் கணக்கில் நம் 1942. பள்ளிக்கூடம் படிக்கும்போது அந்த எண்ணைப் பார்த்து நான் குழம்பியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை மட்டும் பெரியப்பா வேகமாகப் புரட்டிவிடுவார். 1941 டிசம்பரில் ஜார்ஜ்டவுனில் குண்டு விழுந்தபோது அவருக்கு ஐந்து வயது. குடும்பத்தோடு ஆயர் ஈத்தாம் பக்கம் நடந்தே ஓடியிருக்கிறார்கள். அந்தக் கதையை அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெரியப்பா வாய் திறந்ததில்லை. அந்த அஞ்சல்தலைகளைத் தேடித் தேடிச் சேர்த்திருக்கிறாரே என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். அவர் சொல்லாமல் விட்ட எல்லாம் அந்த நாலு பக்கத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

ஆர்க்கிட் வந்ததும் அஞ்சல்தலை வழியாகத்தான். 1965இல் மலேசியா மாநிலங்களுக்காக ஆர்க்கிட் படம் போட்ட வரிசை ஒன்றை வெளியிட்டது. 1 சென்னிலிருந்து 20 சென் வரை ஏழு மதிப்பு, ஏழு பூ. அடுத்த ஆறு ஆண்டு, 1971இல் வண்ணத்துப்பூச்சி வரிசை வரும் வரை, பெரியப்பாவின் கையில் தினமும் ஆயிரக்கணக்கில் புரண்ட படங்கள் அவைதான். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "தினம் இந்தப் பூவுங்க மேல கறுப்பு முத்திரை குத்துறேன், ஒண்ணைக்கூட உசுரோட பார்த்ததில்லை" என்று பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து ஆரம்பித்தது. ஏழையும் வளர்த்துப் பார்க்க வேண்டும் என்று முடிவு கட்டினார்.

2 சென் பூ சுலபம். மூங்கில் ஆர்க்கிட் பினாங்குக் கொடிமலை ஓரங்களிலேயே வெயிலில் நிற்கும். 6 சென் பூ, ஊதா நிறத் தரை ஆர்க்கிட், எந்தச் சட்டியிலும் வரும். 1 சென் பூவுக்கு ஈப்போ பக்கம் 'கிந்தா களை' என்ற பெயரே உண்டு, அங்கே சதுப்பில் களை மாதிரி மண்டிக் கிடந்த செடி. அதற்காகவே ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டிச் சேறு கொட்டினார். நரிவால் போலப் பூங்கொத்து தொங்கும் 15 சென் பூ வந்தது. 10 சென், 20 சென் எல்லாம் வந்தன. அந்த 5 சென் பூ மட்டும்தான் அவரைக் கடைசி வரை ஏய்த்தது. வெள்ளையாக, சின்னச் செருப்பு மாதிரி ஒரு கிண்ணத்தோடு இருக்கும். லங்காவியின் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் வளர்வது. நர்சரியில் வாங்கி, சுண்ணாம்புக்கல் துண்டு போட்டு, முட்டை ஓட்டை இடித்துப் போட்டு மூன்று தடவை வைத்தார். மூன்றும் அழுகின. ஒரு முறை நான் கூட இருந்தபோது, சந்தையில் ஒருவர் பாறையிலிருந்து பெயர்த்துவந்த செடியை வேரில் பாசியோடு நீட்டினார். விலையும் குறைவு. பெரியப்பா அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, மெதுவாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். திரும்பி வரும்போது, "அது அங்க இருக்கட்டும்பா. இங்க வந்து என் கையில சாகறதுக்கு" என்றார். அன்று முழுக்க வேறு எதுவும் பேசவில்லை.

பெரியம்மாவுக்கு இதெல்லாம் எளிதாக இருக்கவில்லை என்பதையும் நான் எழுதியாக வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் அலோர் ஸ்டார் பக்கம் மாற்றலோடு ஒரு பதவி உயர்வு வந்தது. பெரியப்பா வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இருநூறு சட்டியை லோரியில் ஏற்றிக்கொண்டு போக முடியாது என்பது அவர் சொன்ன காரணம். பெரியம்மாவின் அம்மா அப்போது படுத்த படுக்கையாக இந்த வீட்டில் இருந்தார் என்பதுதான் உண்மைக் காரணம் என்று பல வருஷம் கழித்து அக்கா சொன்னாள். மாமியாருக்காக என்று சொன்னால் அந்தப் பாரம் மாமியார் மேல் விழும். செடிக்காக என்றால் யாருக்கும் மனசு நோகாது. பெரியம்மாவுக்கு அது தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. "சட்டிக்காகப் பதவியை விட்ட மனுஷன்" என்று அவர் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். பெரியப்பா ஒரு நாளும் மறுத்துப் பேசவில்லை.

அந்தப் பாட்டிக்காகத்தான் ரேடியோவும். பாட்டிக்குப் பார்வை மங்கிவிட்டது. பகலில் நம் வானொலி தமிழ்ப் பகுதி, இரவில் சிற்றலையில் எங்கெங்கோ இருந்து வரும் தமிழ். மாடி ஜன்னலிலிருந்து மரம் வரை ஒரு செம்புக் கம்பி இழுத்துக் கட்டியிருந்தார். நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் லண்டன் தமிழோசை வரும். பாட்டி போன பிறகும் அந்த வழக்கத்தை அவர் விடவில்லை. எந்த நாள், எந்த அலைவரிசை, எவ்வளவு தெளிவு என்று எழுதி நிலையங்களுக்குத் தபால் அனுப்புவார். பதிலுக்கு அவர்கள் அச்சிட்ட அட்டை ஒன்று அனுப்புவார்கள். ஒரு பிஸ்கட் டின் நிறைய அந்த அட்டைகள் இருந்தன. 2017 ஏப்ரல் கடைசியில் தமிழோசை வானொலி ஒலிபரப்பு நின்றது. மறுநாள் அந்தச் செம்புக் கம்பியை அவரே ஏணி வைத்து அவிழ்த்துச் சுருட்டினார். 80 தாண்டிய மனிதர் ஏணியில் ஏறியதற்கு நான் திட்டினேன்.

கடிகாரம் பழுது பார்ப்பது, கேரம் பலகைக்குப் பட்டை தீட்டுவது, பழைய புத்தகம் தைப்பது எல்லாம் அப்பப்போ. அக்கம்பக்கத்துச் சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லார் வீட்டுச் சேய்க்கோ கடிகாரமும் அவர் மேசை மேல் ஒரு முறையாவது படுத்திருக்கும்.

சரி, மழைக்கு வருகிறேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு முதல் சில மாதம் பெரியப்பா தடுமாறிப்போனார். காலையில் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பாராம். 1992 ஜனவரி முதல் தேதி ஒரு பழைய மைலோ டின்னை எடுத்து, மேல் விளிம்பைச் சீராக வெட்டி, பின்கட்டில் எந்தக் கூரையும் மரமும் மறைக்காத இடத்தில் ஒரு கம்பத்தில் கட்டினார். மழையை அளக்கப் பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை. அடி முதல் வாய் வரை ஒரே அகலமாக இருக்கும் எந்த டின்னும் போதும். உள்ளே நிற்கும் தண்ணீரின் உயரம் எத்தனை மில்லிமீட்டரோ அதுதான் மழை. தினமும் காலை சரியாக எட்டு மணிக்கு, ஸ்டீல் அளவுகோலை உள்ளே இறக்கி, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் படிப்பார். நோட்டில் எழுதுவார். டின்னைக் கவிழ்த்துத் துடைத்து மறுபடி கட்டுவார். மழை இல்லாத நாளிலும் 0 என்று எழுதுவார். டின் துருப்பிடித்தால் அடுத்த மைலோ டின். அதற்காகவே அந்த வீட்டில் மைலோ தீர்ந்ததே இல்லை.

எதற்கு இதெல்லாம் என்று ஒரு நாள் கேட்டேன். "மரத்துக்காக" என்றார். அப்போதுதான் விளக்கினார். புறா ஆர்க்கிட்டின் மொட்டு ஓரளவு வளர்ந்ததும் அப்படியே உறங்கிவிடுமாம். கடும் வெயிலுக்குப் பிறகு திடீரென்று ஒரு மழை கொட்டி, காற்று சட்டென்று ஐந்தாறு பாகை குளிர்ந்தால் மொட்டு விழித்துக்கொள்ளும். அன்றிலிருந்து ஒன்பதாம் நாள் பூக்கும். அதனால்தான் ஒரு வட்டாரத்தில் இருக்கிற எல்லாச் செடிகளும் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒரே காலையில் விரிகின்றன. ஒரு நாளே வாழும் பூ தனியாகப் பூத்தால் மகரந்தம் கொண்டுபோக ஆளில்லாமல் போய்விடும். தாவரவியல் படித்தவர்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். பெரியப்பா அதைத் தன் வாசல் மரத்தில், தன் டின்னை வைத்து, தானே சரிபார்க்க விரும்பினார்.

இன்னொன்றும் சொன்னார். "அஞ்சு சென், பத்து சென்னுன்னு ஏழு பூ போட்டான். நம்ம வாசல்ல இருக்கிற இந்தப் பூவைப் போடலையே. யாரும் வளர்க்காம, யாரும் கேட்காம அதுபாட்டுக்குப் பூக்குது. அதுக்கு ஒரு கணக்கு எழுத ஒருத்தன் வேணாமா?"

வீட்டைக் காலி பண்ணும்போது நானும் பெர்த்திலிருந்து வந்த அக்காவும் ஐந்து நாள் அங்கே தங்கினோம். ஆல்பங்களை ஒரு தமிழ்ப்பள்ளிக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தோம். சட்டிகளை அண்டை வீட்டார் எடுத்துக்கொண்டார்கள். மழை நோட்டுகள் மொத்தம் 32. அவற்றை என்ன செய்வது என்று தெரியாமல் மாடியில் தரையில் பரப்பிவைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி படித்தோம்.

ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, மில்லிமீட்டர், அப்புறம் ஓரத்தில் சின்னதாக ஒரு அம்புக்குறி. பெரிய மழை பெய்த நாளிலிருந்து ஒன்பது நாள் தள்ளி அந்த அம்புக்குறி போய் நிற்கும். அங்கே பென்சிலால் 'பூக்கும்' என்று எழுதியிருப்பார். பூத்திருந்தால் பச்சை மையில் ஒரு கோடு. பூக்காவிட்டால் சிவப்பு மையில் 'தப்பு'. முதல் இரண்டு வருஷ நோட்டுகளில் தப்பு நிறைய. எதையும் அழிக்கவில்லை, மேலே தாள் ஒட்டி மறைக்கவில்லை. போகப் போகப் பச்சை கூடுகிறது. 2000க்குப் பிறகு சிவப்பு தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவர் தனக்குத்தானே இப்படிக் கணக்குக் காட்டி வாழ்ந்திருக்கிறார் என்று பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

பினாங்கே மிதந்த அந்த 2017 நவம்பர் வெள்ளத்தின் பக்கத்தில் 'டின் நிரம்பி வழிந்தது. அளவு தெரியவில்லை' என்று இருக்கிறது. 2014இல் ஒரு நாள் மட்டும் தேதி எழுதி எதிரே ஒன்றுமே இல்லை. 0 கூட இல்லை. அது பெரியம்மா போன நாள். 32 நோட்டிலும் அப்படி வெறுமையாக விட்ட இடம் அது ஒன்றுதான்.

கடைசி நோட்டு 2023. ஜனவரி, பிப்ரவரி பினாங்கில் வெயில் காலம். 0, 0, 0 என்று இறங்கிக்கொண்டே வருகிறது. பிப்ரவரி 27, திங்கள், 23 மி.மீ. கையெழுத்து கொஞ்சம் நடுங்கியிருக்கிறது. அம்புக்குறி கிளம்பி அடுத்த பக்கத்துக்குப் போய் மார்ச் 8, புதன் என்று நிற்கிறது. பென்சிலில் 'பூக்கும்'. மார்ச் 1க்கு 0 என்று எழுதியிருக்கிறார். அத்தோடு சரி. மறுநாள்தான் காய்ச்சலில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்த முறை அவர் யாருக்கும் போன் செய்யவில்லை. அடுத்த திங்கட்கிழமை ராத்திரி உயிர் பிரிந்தது. அக்கா வந்து சேரக் காத்திருந்து, புதன்கிழமை எடுத்தோம்.

மார்ச் 8.

அன்று விடியற்காலையிலிருந்து நாங்கள் எல்லாரும் அந்த மரத்தடியில்தான் இருந்தோம். பந்தல் அதன் கீழேதான் போட்டிருந்தது. நாற்காலிகள், ஊதுபத்தி, தேவாரம் பாட வந்தவர்கள், அவரோடு வேலை செய்த நாலைந்து கிழவர்கள். நான் மாலைகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தேன். பந்தல் துணி மரத்தை மறைத்திருந்தது. அக்காவும் நானும் எவ்வளவு யோசித்தும், தலைக்கு மேலே என்ன இருந்தது என்று எங்கள் இருவருக்கும் நினைவில்லை. தெருவில் வேறு சிலரையும் கேட்டோம். யாரும் கவனிக்கவில்லை.

கடைசி நாள், சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பக்கத்து வீட்டுச் சீன அம்மாவிடம் போனோம். அவருடைய கணவரின் கடிகாரத்தைப் பெரியப்பா எத்தனையோ தடவை சரிசெய்து கொடுத்திருக்கிறார். அவரிடமும் மலாயில் கேட்டுப் பார்த்தேன். அவருக்கு வயதாகிவிட்டது, பார்வை சரியில்லை, மரமெல்லாம் தெரியாது என்று கையை விரித்தார். பிறகு கொஞ்ச நேரம் யோசித்தார். அன்று விடியும் முன்னே கதவைத் திறந்தபோது தெரு முழுக்க நல்ல வாசம் வந்தது, உங்கள் வீட்டுக்கு வந்த மாலைகளின் வாசம் என்று நினைத்துக்கொண்டேன் என்றார்.

மாலைகள் எல்லாம் அன்று காலை ஒன்பது மணிக்கு மேல்தான் வந்தன.